கத்தி பாதி, கால் மீதி

எடை குறைப்பு ஆபரேஷன் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கே இந்த வாரம் பக்கம் முழுவதும். எந்த ஆபரேஷன், எந்த மருந்து, எந்தத் தேதி என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். மற்றவற்றை இங்கே பேசுவோம்.

சேலம் வாசகர்: வாயைக் கட்ட முடியாதவர்கள்தானே வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள்?

வாயைக் கட்டி, கட்டு அவிழ்ந்து, மறுபடி கட்டி அலுத்துப்போய் வருகிறவர்கள்தான் அதிகம். டயட்டில் எடை இறங்கினால், நாட்டில் பஞ்சம் வந்துவிட்டதாக உடம்பு நினைத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஸ்லீவ் ஆபரேஷனில் அந்தக் கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதியோடு சேர்த்து இரைப்பையில் முக்கால் பங்குக்கு எடுத்துவிடுகிறார்கள். சுகருக்கு மாத்திரை போடுபவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. இவர்களையும் விட்டுவிடலாம்.

நாகர்கோவில் வாசகி: உயரம் 160 செ.மீ., எடை 92 கிலோ. நான் தேறுவேனா?

உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, வருவதைக் கொண்டு எடையை வகுங்கள். 92-ஐ 2.56-ஆல் வகுத்தால் 35.9. இதுதான் உங்கள் பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்று 2022-இல் சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் வழிகாட்டுதல் வெளியிட்டன. ஆசியர்களுக்கு வரம்பு இன்னும் கீழே, 27.5. நமக்குக் கொழுப்பு தொப்பையில் குடியேறுவதால் சுகர் சீக்கிரமே வந்துவிடுகிறது.

ஆக, டாக்டரிடம் பாஸ். இன்சூரன்ஸ் பரீட்சை வேறு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிப்படி பி.எம்.ஐ. 40 வேண்டும். இல்லையென்றால் 35-க்கு மேல் இருந்து, கட்டுக்கடங்காத சுகர், கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்ற ஒன்று கூடவே இருக்க வேண்டும். எதுவும் இல்லையா? மற்றபடி ஆரோக்கியமாக இருந்த குற்றத்துக்காகப் பில்லை நீங்களே கட்ட நேரிடும். அட்மிஷனுக்கு முன்பே பாலிசியைப் படித்துவிடுங்கள்.

தாம்பரம் வாசகர்: லைபோசக்‌ஷனும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி உருவத்தைத் திருத்துகிறது. சுகரையும் குறட்டையையும் அது கண்டுகொள்வதில்லை.

தஞ்சாவூர் வாசகர்: ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பட்டினி போடுகிறார்களே, ஏன்?

உங்கள் கல்லீரலை மெலிய வைக்க. அதன் இடப்பாகம் இரைப்பையின் மேல் படுத்திருக்கிறது. பருத்த உடம்பில் அதுவும் கொழுப்பேறிப் பருத்து, லேசாகத் தூக்கினாலே கிழியும் பதத்தில் இருக்கும். சின்னத் துளைகள் வழியே வேலை பார்க்கும் டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையை எட்ட முடியும். மாவுச்சத்தைக் குறைத்து, புரோட்டீன் பானம், மோர், சூப் என்று இரண்டு வாரம் இருந்தால் கல்லீரல் சுருங்கி வழிவிடும்.

பலர் இந்த இரண்டு வாரத்தில்தான் 'இனிமேல் முடியாதே' என்று பிரியாணிக்கு வழியனுப்பு விழா நடத்துகிறார்கள். வேண்டாம். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டயட் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சுகர் தாழ்ந்து மயக்கம் வரும்.

வேலூர் வாசகர்: ஸ்லீவா, பைபாஸா?

ஸ்லீவில் இரைப்பை வாழைக்காய் வடிவக் குழாயாக மிஞ்சும். பைபாஸில் மேலே ஒரு குட்டிப் பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பார்கள். இரண்டில் பைபாஸ்தான் மூத்தது. 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது. கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும் என்பதால் பைபாஸ் பக்கம் சாய்வார்கள். முன்கூட்டியே எண்டோஸ்கோப்பி பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரர் எதைச் செய்துகொண்டார் என்பது காரணமாகாது.

மதுரை வாசகர்: சிகரெட்டை அட்மிட் ஆகும் அன்று நிறுத்தினால் போதாதா?

ஆறு வாரமாவது முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தையல் ஆறாது, புண் வரும், நுரையீரல் மக்கர் செய்யும். பிறகு திரும்பவும் தொடாதீர்கள்.

கும்பகோணம் வாசகி: எத்தனை நாள் படுக்கையில் இருக்க வேண்டும்?

நாளா? பெரும்பாலும் அன்றைக்கே எழுப்பி நடக்க விடுவார்கள். அசையாமல் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிவிடும் ஆபத்து உண்டு. கட்டிலிலிருந்து பாத்ரூம், பிறகு வராந்தாவின் கோடி வரை. ஒரு கையில் சலைன் ஸ்டாண்ட், மறுகையில் மகளின் தோள்.

கூடவே மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுப்பார்கள். குழாயை வாயில் வைத்து மெதுவாக இழுத்தால் முதல் பந்து எழும். இன்னும் இழுத்தால் இரண்டாவது எழும். மூன்றாவது சும்மா முறைத்துக்கொண்டே இருக்கும். விளையாட்டுச் சாமான் என்று பேரனிடம் கொடுத்துவிடாதீர்கள். நுரையீரலை விரியவைத்துச் சளி தங்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். ஆபரேஷனுக்கு முன்பே பழகினால் அந்த வலியில் புதுப்பாடம் படிக்க வேண்டியதில்லை.

கோவை வாசகர்: ரேஸ்கோர்ஸில் மறுபடி எப்போது ஓடலாம்? ஜிம் எப்போது?

முதலில் வீட்டுக்குள் ஐந்து ஐந்து நிமிட நடை, ஒரு நாளில் பல தடவை. பிறகு தெருமுனை. ஒரு மாதத்துக்குள் தொடர்ந்து அரை மணி நேரம் நடக்கப் பலருக்கும் முடிகிறது. கனம் தூக்குவதில் மட்டும் கறாராக இருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. அதை டிஸ்பென்சரில் கவிழ்ப்பது வீட்டில் வேறு யாருடைய பொறுப்பாகவாவது இருக்கட்டும்.

ஆறு வாரம் கழித்து, டாக்டர் சரி என்றதும், தசைக்கு வேலை கொடுங்கள். வேகமாக இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தண்டால், வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி எல்லாம் அதைக் காப்பாற்றும். நடை வாரத்துக்கு 150 நிமிடமாவது. இறங்கிய எடை ஏறாமலிருக்க 200, 300 என்று கூட்டுங்கள். இரைப்பை சிறுத்துவிட்டதால் இப்போது மடமடவென்று தண்ணீர் குடிக்க முடியாது. பாட்டிலைக் கையிலேயே வைத்து மடக்கு மடக்காகப் பருகுங்கள். ஓட்டம் பிறகு, முழங்கால் சம்மதித்தால்.

விருதுநகர் வாசகி: முழங்கால் வலியில் பஸ் ஸ்டாண்டு வரைகூட நடக்க முடியவில்லை. என்னிடம் போய் உடற்பயிற்சியா?

உங்களிடம்தான். ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை மிச்சம். பத்து கிலோ போனால் கணக்கை நீங்களே போடுங்கள். அதுவரை உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குங்கள். வலிக்கும் முன்பே நிறுத்தும் அளவுக்குக் குட்டி நடை போதும். ஆபரேஷனுக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். நடந்து பழகிய உடம்பு எழுந்து நடக்கவும் சீக்கிரம் தயாராகிறது.

காரைக்குடி வாசகர்: கல்யாணப் பந்தியில் உட்கார முடியுமா?

ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் தாராளமாக. அதுவரை திரவம், கூழ், குழைந்த சாதம் என்று படிப்படியாக ஏற வேண்டும். இலையில் முதலில் கை போக வேண்டியது பருப்பு, முட்டை, மீன் போன்ற புரோட்டீனுக்கு. நாளைக்கு 60 கிராமாவது தேவை. நன்றாக மென்று, அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சாப்பாட்டோடு கூடாது, முடிந்து அரை மணி நேரம் கழித்து. பைபாஸ் ஆனவர்கள் பாயசத்தில் ஜாக்கிரதை. சர்க்கரை திடீரென்று குடலில் இறங்கினால் வியர்வை, படபடப்பு, தலைசுற்றல். பந்தியில் பரிமாறுபவர் 'இன்னும் கொஞ்சம்' என்றால் இலையை மடித்துவிடுங்கள். வேறு எதற்கும் அவர் அடங்கமாட்டார்.

பெயர் வேண்டாம், புதுச்சேரி: சரக்கு?

பைபாஸுக்குப் பிறகு ஒரு பெக் பல மடங்கு வேகத்தில் ரத்தத்தில் ஏறும், மெதுவாக இறங்கும். சாப்பாட்டுப் பழக்கம் போன இடத்தில் குடிப்பழக்கம் குடியேறிய கதைகளும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து கேட்பதால் இன்னொரு தடவை சொல்கிறேன்: வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு மாமியார்: மருமகளுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. பேரக்குழந்தை எப்போது?

ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள், அம்மா. எடை வேகமாக இறங்கும் காலத்தில் குழந்தைக்குச் சத்து போதாது. எடை குறைந்ததும் நின்றுபோன மாதவிடாய் திரும்பி, எதிர்பாராமலே கரு தங்கலாம். பைபாஸ் ஆனவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. மற்றபடி தேதி குறிக்கும் உரிமை உங்கள் மருமகளுக்கு.

திருநெல்வேலி வாசகி: மூன்று மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எந்த எண்ணெய் நல்லது?

எண்ணெய்க் கடைக்காரருக்கு எல்லாமே நல்லது. வேகமாக எடை இறங்கும்போது முடி உதிர்வது சகஜம். சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப வளரும். புரோட்டீனையும் இரும்புச் சத்தையும் சரிபாருங்கள்.

ஓசூர் வாசகர்: வைட்டமின் மாத்திரை எவ்வளவு காலம்?

ஆயுள் முழுக்க. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. நிறுத்தினால் பல வருடம் கழித்து ரத்தசோகையாகவோ, கால் மரத்துப்போவதாகவோ பில் வரும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் தயமின் குறைந்து மூளையே பாதிக்கப்படலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சென்னை வாசகர்: ஊசி போட்டாலே எடை குறைகிறதே, கத்தி எதற்கு?

மவுன்ஜாரோ ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்புகிறது. மொத்த எடையில் கால் பங்குக்கும் மேல் குறைத்து அதைப் பல வருடம் தக்கவைப்பதில் ஆபரேஷன் இன்னும் முன்னால் நிற்கிறது.

திண்டுக்கல் வாசகர்: உயிருக்கு ஆபத்து?

தேர்ந்த மையங்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில். கிட்டத்தட்ட பித்தப்பை ஆபரேஷன் மாதிரிதான். வீட்டுக்கு வந்தபின் நாடி படபடவென்று அடிப்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சிரைப்பு ஆகியவை தையல் கசிவின் அறிகுறியாக இருக்கலாம். 'கேஸ் பிடித்திருக்கும்' என்று பெருங்காயம் கரைக்காமல் உடனே கிளம்புங்கள்.

நாமக்கல் வாசகர்: ஒரே ஒரு அறிவுரை சொல்வதானால்?

ஆபரேஷன் முடிந்து முதல் ஒரு வருடம் பசி அடங்கியிருக்கும், எடை தானாக இறங்கும். அதற்குப் பிறகு பசி மெல்லத் திரும்பும். அது வருவதற்குள் நடை உங்களுக்குப் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட வேண்டும். எனவே ஆபரேஷன் தேதி கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். இன்று சாயங்காலமே பத்து நிமிடம் நடந்துவிட்டு, டாக்டருக்குப் போன் போடுங்கள்.