அரிதாரம் கலையாத தலைவர்

ரயில்வே உத்தியோகத்தை முன்னிட்டு மல்காஜ்கிரிக்கு வந்து வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்களுக்கு, நடிகர் ஒருவர் அரசியற் பிரவேசம் செய்கிறார் என்ற செய்தி எட்டியவுடன், அண்டைவீட்டுத் தெலுங்கரிடம், "இதெல்லாம் நாங்க எழுபத்தேழுலயே பார்த்தாச்சுங்க" என்று அலட்சியமாகச் சொல்லிக்கொள்ளும் பாக்கியம் உண்டு, எம்.ஜி.ஆர். கோட்டைக்குள் நுழைந்த அந்த வைபவத்துக்குத் தாமே கதை வசனம் எழுதியதுபோன்ற ஒரு மிடுக்கும் அப்போது அவர்கள் முகத்தில் பொலியும். அண்டைவீட்டார் சளைப்பவரல்லர். "உங்கள் ஆளுக்கு நாலரை வருஷம் பிடித்தது, எங்கள் ராமாராவ் 1982 மார்ச்சில் தெலுங்கு தேசத்தை ஆரம்பித்து, மறு ஜனவரியிலேயே முதலமைச்சர்!" என்பார். வாதம் நியாயமானதே.

இந்த வர்க்கத்துத் தலைவர், பூர்வாசிரமத்தை அடியோடு துறந்துவிட்டதாகப் பிரகடனம் செய்வார். ஆயினும் கதாநாயகன் குறித்த நேரத்தில் வருவது சாஸ்திர விரோதமாதலால் தாமதித்தே மேடையேறி, வாக்கியந்தோறும் கரகோஷத்துக்கு இடம்விட்டுப் பேசி, பத்திரிகை நிருபர் குறுக்குக் கேள்வி கேட்டுவிட்டால் மட்டும் வசனகர்த்தா எங்கே என்று பக்கவாட்டில் பார்ப்பார்.

என்.டி.ஆர். இத்தகைய சில்லறைச் சங்கடங்களுக்கு அப்பாற்பட்டவர். பழைய செவர்லே வண்டியொன்றைச் 'சைதன்ய ரதம்' ஆக்கி, கண்ணனாகவும் ராமனாகவும் தம்மைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்ட மகாஜனங்களிடையே அதில் பவனி வந்தவருக்கு, பிற்பாடு பூண்ட காவியுடைகூட வேஷமென்று தோன்றாதபடி பொருந்திற்று. 2 ரூபாய்க்குக் கிலோ அரிசி என்ற வாக்குறுதியை நிறைவேற்றியதை வேஷமென்று எவரும் சொல்ல முடியாது. ஆனால், 'தானவீரசூர கர்ணா'வில் கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன் என்ற மூன்று வேஷங்களையும் தாமே தாங்கி, இயக்கத்தையும் தாமே ஏற்றிருந்த மகானுபாவருக்கு மந்திரிகள் எதற்கு? 1989 பிப்ரவரியில் மந்திரிசபை முழுவதையும் ஒரே வீச்சில் கலைத்தார். அவ்வருஷக் கடைசியில் வாக்காளர்கள் ஆட்சியைப் பறித்ததோடு, கல்வகுர்த்தியில் அவரையே தோற்கடித்தனர், இந்துப்பூர் காப்பாற்றியது. அவரோ கலங்காமல் 1991-இல் விசுவாமித்திரராகத் திரையில் தோன்றி, 1994-இல் மீண்டும் முதலமைச்சரானார். இராவண வேஷமும் கட்டிய அந்த வீரரை மறுவருஷமே பதவியிலிருந்து இறக்கியவர் சொந்த மருமகப்பிள்ளை. புராணப் படங்களில் இப்படியொரு காட்சிக்கு அவருக்கு ஒத்திகை வாய்க்கவில்லை போலும்.

சிரஞ்சீவியின் கதை சுருக்கமானது. 2008-இல் பிரஜாராஜ்யம், 2009-இல் 294 இடங்களில் 18, 2011-இல் காங்கிரசில் சங்கமம், பின்னர் டில்லியில் சிறிது காலம் சுற்றுலா மந்திரி. 2017-இல் அவர் திரைக்குத் திரும்பிய 'கைதி நம்பர் 150'-ஐ ஜனங்கள் தேர்தலில் காட்டாத தாராளத்தோடு வரவேற்றார்கள். அது தமிழ்க் 'கத்தி'யின் மறுபதிப்பு என்பதை மல்காஜ்கிரிப் பெரியவர்கள் அப்போதே அண்டைவீட்டாருக்கு நினைவூட்டினர். மூலப்படத்தின் நாயகர் விஜய் 2024 பிப்ரவரியில் கட்சி தொடங்கவே, இம்முறை அண்டைவீட்டார் முந்திக்கொண்டு, "இதெல்லாம் நாங்க பார்த்தாச்சுங்க" என்றார்கள், சுத்தமான தமிழில்.