தலையிடுவது எப்படி, தலையிடாமல் இருப்பது எப்படி: றொசல்லவிலிருந்து ஒரு கைநூல்

வெளிவிவகார அமைச்சில் புதிதாகக் காலெடுத்து வைத்திருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம். அண்டை நாட்டு விஷயத்தில் கை வைப்பதா, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று உங்களுக்கு மாதக்கணக்கில் வகுப்பெடுப்பார்கள். அந்தப் பாடப் புத்தகங்களை எழுதியவர்கள் ஒன்றில் கை வைத்தவர்கள், இல்லையேல் கட்டிக்கொண்டு நின்றவர்கள். கை வைக்கப்பட்டவர்கள் எழுதியது எதையும் அங்கே வாசிக்கக் கொடுப்பதாகத் தெரியவில்லை. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில், மழை கொஞ்சம் விட்ட நேரமாகப் பார்த்து, அந்தக் குறையைத் தீர்த்து வைக்கிறோம்.

தேவையான பொருட்கள்: ஒரு மேசை, இரண்டு பேனா, இரண்டு கொடி, சில லட்சம் மக்கள். மக்களை அறைக்குள் கூட்டி வர வேண்டாம். தொகை தெரிந்தால் போதும்.

முதலில் கை கட்டுவது. கட்டுவதற்கு முன் கொஞ்சம் வீசியிருக்க வேண்டும், அப்போதுதான் கட்டியது நாலு பேருக்குத் தெரியும். 1939இல் இலங்கை அரசு இந்தியத் தினக்கூலிகளை வேலையை விட்டு நீக்கத் தொடங்கியதும் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. தோட்ட வேலைக்கு இனி ஆள் வராது என்று இந்தியா தடையும் போட்டது. அந்தக் காங்கிரஸ் 1947 தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டங்களில் கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வாக்கும் போயிற்று. 1952 தேர்தலில் ஏழு, பூச்சியமாயிற்று. டில்லி என்ன செய்தது? கண்டித்தது, கடிதம் எழுதியது, பேசியது. ஆனால் இவர்கள் இலங்கையின் பொறுப்பு, மொத்தமாக மூட்டை கட்டி அனுப்பினால் ஏற்க முடியாது என்பதில் மட்டும் நேரு அசையவில்லை. இதில் எனக்குக் கோபமில்லை. டில்லி மலையகத்துக்குச் செய்த பெரிய உபகாரம் அந்தப் பிடிவாதம்தான் என்றே சொல்வேன். ஒரு குறை, அதை எழுதிப் பதிந்து வைக்க மறந்துவிட்டார்கள். நேரு 1964 மே மாதம் காலமானார். அக்டோபர் 30இல், அவருக்குப் பின் பிரதமரான சாஸ்திரி கொழும்போடு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்.

இனிக் கை வைப்பது. கணக்குப் புத்தகத்தைத் திறவுங்கள். நாடற்றவர் 975,000 பேர். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. 15 வருடத்தில் முடிக்க வேண்டும். ஏழு பேர் அங்கே என்றால் நாலு பேர் இங்கே. எல்லாக் குடும்பத்திலும் சரியாகப் பதினொரு பேர் இருந்திருந்தால் கணக்கு வெகு அழகாக வந்திருக்கும். மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரத்தில் குறித்து வைத்தார்கள். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். அதே வருடம்தான் கச்சதீவும் இலங்கைப் பக்கம் வந்தது. தீவை முழுசாகத்தான் கொடுக்க முடியும், மக்களைப் பாதியாகவும் கொடுக்கலாம்.

ஏன் அந்த அவசரம் என்று கேட்பீர்கள். 1962இல் சீனாவிடம் அடி வாங்கிய பிறகு டில்லிக்கு அயலில் சிநேகிதர்கள் தேவைப்பட்டார்கள். அந்தச் சண்டைக்குச் சமாதானம் தேட ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டியவர் சிறிமாவோ. இமயமலையில் விட்டதற்கு எங்கள் மலையில் வட்டி கட்டினார்கள்.

மக்களைக் கேட்கவே இல்லையா என்று குறை சொல்லாதீர்கள். கேட்டார்கள், கையெழுத்து வைத்த பிறகு, படிவம் கொடுத்து. அங்கேதான் கணக்கு பிசகியது. இலங்கையே வேண்டும் என்று விண்ணப்பித்தவர்கள் 300,000ஐ எங்கோ தாண்டிப் போனார்கள். இந்தியா வேண்டும் என்றவர்கள் 525,000ஐ எட்டவில்லை. இப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். பசி இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பு கதவைச் சாத்தி, இறக்குமதியைக் குறைத்து, தன் காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. காணி உள்ளவர்கள் மரவள்ளி நட்டுச் சமாளித்தார்கள். லயத்துக்காரருக்கு ஏது காணி? 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுக்கத் தயங்கியவர்களும் கொடுத்தார்கள். நாடு தனித்து நிற்பதற்கான செலவைத் தோட்டத்துப் பிள்ளைகள் கட்டினார்கள், அதற்கு ரசீது கிடையாது.

மேலே ஹட்டனில் ஏறியவர்களின் கோச்சி றொசல்லயைக் கடந்துதான் கீழே இறங்கும். தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அதன் பிறகு பலருக்கு நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான். அவர்களுக்கென்று தமிழ்நாடு அரசே அங்கே தோட்டம் போட்டது. இங்கே இருந்தவரை இந்தியாக்காரர், அங்கே போய் இறங்கியதும் சிலோன்காரர். 1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் எந்த நாட்டு ஆட்கள் என்பதை உங்கள் அடுத்த வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் தண்ணீர் குடிப்பார்.

அழைத்தால் போவது, அழைக்காமல் போவது என்று கை வைப்பதில் இரண்டு வகை. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வந்தபோது கொழும்பு கேட்டது, டில்லி ஹெலிகொப்டர் அனுப்பியது. அந்தக் கிளர்ச்சிக்காரர்களின் ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் எங்கள் பெயரும் உண்டு. வாக்கில்லை, காணியில்லை, ஆனாலும் ஒரு வல்லரசின் நீண்ட கை நாங்கள்! மலையகத்தாருக்கு இவ்வளவு மரியாதை வேறு யாரும் கொடுத்ததில்லை.

1987 ஜூன் 4இல் யாரும் அழைக்காமலே யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானத்திலிருந்து உணவுப் பொதிகள் விழுந்தன. அடுத்த மாதம் ஒப்பந்தம், அதன் பின்னால் படை. பக்கத்துக் காம்பராவில் அடிதடி என்றால் சுவரைத் தட்டலாம். சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போனால் இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து அடிப்பார்கள். அடித்தார்கள். வந்தவர்களும் அடித்தார்கள், அதில் செத்த சனங்களை யாழ்ப்பாணத்தார் இன்னும் மறக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் மாண்டபின் 1990 மார்ச்சில் படை கப்பலேறியது. அந்தப் படை இங்கே இருந்த காலத்தில்தான், தெற்கில் பம்பாய் வெங்காயத்தையும் மைசூர்ப் பருப்பையும் விற்கக்கூடாது என்று ஜே.வி.பி. உத்தரவு போட்டிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் குடியுரிமை எந்தக் கையால் திரும்பி வந்தது? 1986இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தோட்டந்தோறும் பிரார்த்தனை இயக்கம் நடத்தியது. கொழுந்து நின்றால் நாட்டின் வருமானம் நிற்கும் என்பது கொழும்புக்குத் தெரியும். அந்த வருடமும் 1988இலும் சட்டங்கள் வந்தன. மிச்சம் மீதி 2003இல் முடிந்தது. உங்கள் பாடப் புத்தகத்தில் இது அடிக்குறிப்பாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

இப்போதெல்லாம் கை வேறு விதமாக வருகிறது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு மோடி வந்தார், மேலும் 10,000 வீடு என்றார். இந்திய உதவியில் கட்டிய டிக்கோயா ஆஸ்பத்திரியும் திறந்தது. ஆஸ்பத்திரியை வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியமில்லை.

கடைசியாக ஒரு சம்பவம். 2022இல் நாடு வங்குரோத்தானபோது, இலங்கையில் உள்ள தமிழர்களுக்கு உணவும் மருந்தும் அனுப்ப அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலின் டில்லியிடம் கேட்டார். இங்கே இருந்த தமிழர்களோ, எங்களை மட்டும் பிரித்துக் கொடுக்காதீர்கள், பசி எல்லாருக்கும்தான் என்றார்கள். அவர் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் மாதம் சட்டசபைத் தீர்மானம் இலங்கை மக்கள் எல்லாருக்கும் என்று மாறியது. 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் அனுப்புவதென்று முடிவாகி, மே மாதம் முதல் கப்பல் கிளம்பியது. பெறுகிறவர் சொல்லி, கொடுக்கிறவர் திட்டத்தை மாற்றிய கதை இது. பரீட்சையில் இதை எழுதிவிடாதீர்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே என்று புள்ளியைக் குறைத்துவிடுவார்கள்.