ஒரு பங்கு ஷாம்பு, பத்துப் பங்கு சண்டை

நம்மூரில் அளந்து போடுகிறவனுக்கு மரியாதை கிடையாது. சாம்பாருக்கு ஸ்பூனால் உப்புப் போடுகிற மருமகளை, "பாவம், இப்பத்தான் கத்துக்கறா" என்று பக்கத்து வீடுவரை சொல்லிவிடுகிற ஊர் இது. கைப்பக்குவம், கண்ணளவு, குத்துமதிப்பு என்ற மூன்று தராசுகளை வைத்துக்கொண்டே ஆயிரம் பேருக்குக் கல்யாணச் சமையலை முடித்துவிடுகிற பரம்பரை. சமையலுக்கு அது செல்லும். இதே பரம்பரையின் கையில் 5 லிட்டர் கார் ஷாம்பு கேன் ஒன்று கிடைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நங்கநல்லூரில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலுக்கு வரலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வேட்டியை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கார் ஷாம்புவைக் கெட்டியாக விற்பதற்குக் காரணம் எளிது. தண்ணீரைக் கேனில் அடைத்து லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவது வீண் செலவு. தண்ணீர்தான் உங்கள் வீட்டுக் குழாயிலேயே வருகிறதே (வருகிற நாட்களில்), அதை நீங்களே கலந்துகொள்ளுங்கள் என்று கம்பெனி நம்மிடம் விட்டுவிடுகிறது. நியாயமான ஏற்பாடு. ஆனால் கேனின் முன்பக்கம் முழுக்க மின்னுகிற காரின் படத்தைப் போட்டுவிட்டு, எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்பதைப் பின்பக்கத்தில், மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில் 1:500 என்று அச்சடிப்பார்கள். கேனிலேயே மிக முக்கியமான சங்கதி அதுதான். அதைப் படித்த ஒரே ஆள் அதை அச்சடித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

என் மைத்துனர் முதல் மாடியில் இருக்கிறார். கார் வாங்கியபோது காட்டிய பக்தியைவிட, அதைக் கழுவுவதில் காட்டுகிற பக்தி அதிகம். ஒருநாள் அவர் வாளியில் ஷாம்பு ஊற்றுகிற அழகைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"எவ்வளவுப்பா ஊத்தினே?"

"ஒரு குளுக் மாமா."

"குளுக்குன்னா எத்தனை மில்லி?"

"அதெல்லாம் தெரியாது. கேனைச் சாய்ச்சா ஒரு சத்தம் வரும்ல, அது. சேறு இருந்தா ரெண்டு குளுக்."

1:500 என்றால் 10 லிட்டர் வாளிக்கு 20 மில்லி. டானிக் பாட்டிலின் மேல் கவிழ்த்துவைத்திருக்கும் 10 மில்லி மூடியால் இரண்டு மூடி. மைத்துனரின் ஒரு குளுக் என்பது ஒரு காபி டம்ளருக்குக் குறையாது. ஆக, கார் கேட்டதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கொடுக்கிறார். "இன்னும் கொஞ்சம் போட்டா இன்னும் கொஞ்சம் பளபளன்னு வரும்தானே மாமா?" என்பது அவர் சித்தாந்தம். வாளியில் நுரை கோபுரமாக எழும்புவதைக் கண்டதும் அவர் முகத்தில் தெரிகிற நிறைவை, அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியபோதுகூட நான் பார்த்ததில்லை.

இந்த நுரை விஷயத்தில்தான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். நுரை, அழுக்கை எடுப்பதற்கான அத்தாட்சி ஆகாது. ஷாம்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும். தண்ணீரில் விட்டதும் இவை மேற்பரப்பில் போய் உட்கார்ந்து, பரப்பு இழுவிசையைக் குறைக்கும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவி, அழுக்குக்கு அடியில் நுழையும். ஆனால் மேற்பரப்பில் இடம் ஓர் அளவுக்குத்தான். அது நிரம்பிய பிறகு ஊற்றுகிற ஷாம்பு, தண்ணீருக்குள்ளேயே சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடிக்கொள்ளும். மைசெல் என்பார்கள். அதற்குமேல் எத்தனை குளுக் விட்டாலும் பரப்பு இழுவிசை இறங்காது. அந்த மைசெல்களுக்கும் வேலை உண்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் தூக்கிச் சுமப்பது. லாரி மெக்கானிக்கின் கைக்கு அது உபயோகம். நங்கநல்லூரிலிருந்து கிண்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்த காரில் இருப்பது பெரும்பாலும் தூசி.

சரி, கூடுதலாகப் போட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும்? காரில் ஏறிய நுரை இறங்க வேண்டும் அல்லவா, அங்கேதான் இருக்கிறது கதை. மைத்துனர் ஹோஸைப் பிடித்து அலசுகிறார், அலசுகிறார், அலசிக்கொண்டே இருக்கிறார். நுரை சாய்தளத்தில் இறங்கி, எதிர் வீட்டு அம்மாள் விடியற்காலையில் இட்ட இருபத்தொரு புள்ளிக் கோலத்தில் பாதியைக் கரைத்துவிட்டுத்தான் கால்வாய் சேரும். அதன் பிறகு அங்கே நடக்கிற உரையாடலை அச்சில் ஏற்ற முடியாது. மறுநாள் காலையில் பார்த்தால் சைடு மிரர் இடுக்கிலிருந்தும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலிருந்தும் ஷாம்புத் தண்ணீர் கசிந்து, காய்ந்து, வெள்ளைக் கோடாக நிற்கும். கார் இரவெல்லாம் அழுதுவிட்டு முகம் கழுவாமல் வந்ததுபோல் இருக்கும். அதைப் பார்த்து மைத்துனர் எடுக்கிற முடிவு: "ஷாம்பு பத்தலை மாமா."

பணக் கணக்கை விடுங்கள், தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்காகத் தெருமுனையில் காவல் இருந்தவர்கள் நாம். 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரால் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். 20 மில்லி போதும் என்கிற இடத்தில் நூறு மில்லியைக் கொட்டுகிறவர், 80 மில்லி ஷாம்புவோடு அதை அலசித் தள்ளுகிற வாளி வாளியான தண்ணீரையும் சேர்த்துத்தான் கொட்டுகிறார். அதற்கு லேபிளில் பில் போடுவதில்லை, அவ்வளவுதான்.

தாராளப் பிரபு கதை இது என்றால், எங்கள் அசோசியேஷன் செகரட்டரி எதிர்க்கோடியில் இருக்கிறார். தலைக்குத் தேய்க்கிற ஷாம்பு தீர்ந்தால் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி மேலும் ஒரு வாரம் ஓட்டுகிற குலத்தில் வந்தவர். கார் ஷாம்பு பாட்டிலையும் அப்படியே நடத்துகிறார். தீரத் தீரத் தண்ணீர், தண்ணீர் தீர்ந்தால் மறுபடி தண்ணீர். அந்த பாட்டிலை வாங்கிய வருடத்தில்தான் லிஃப்ட் போட்டோம். லிஃப்டைப் புதிதாக மாற்றியாயிற்று, பாட்டில் இன்னும் தீரவில்லை. ஹோமியோபதியில் 30சி என்றால் நூறில் ஒன்றாகக் கலப்பதை முப்பது தடவை அடுத்தடுத்துச் செய்வார்கள். மூலச் சரக்கில் ஒரு துளிகூட மிஞ்சாது, நினைவு மட்டும் மிஞ்சும் என்பார்கள். செகரட்டரியின் ஷாம்பு அந்த வீரியத்தை எட்டிவிட்டது.

இதிலும் சேதாரம் உண்டு. ஷாம்புவுக்கு அழுக்கை எடுப்பது மட்டும் வேலையல்ல, துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே வழுக்கலைக் கொடுப்பதும் அதன் வேலைதான். அந்த வழுக்கல் இருந்தால் மணல் துகள் நழுவிப் போகும். இல்லாவிட்டால் துணியோடு ஒட்டிக்கொண்டு, தேய்க்கிற பக்கமெல்லாம் கோடு போட்டுக்கொண்டே வரும். காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான் கனம். பெரும்பாலான தலைமுடியைவிட மெல்லிசு. செகரட்டரியின் கறுப்புக் கார் வெயிலில் நின்றால், பானெட் மேல் வட்டம் வட்டமாகச் சிலந்திவலை தெரியும். அதை அவர், "மெட்டாலிக் ஃபினிஷ் சார்" என்கிறார்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் விடியற்காலையில் கார் துடைக்க வருகிற தம்பி இருக்கிறார். அவருக்கு ஷாம்பு விகிதமே கிடையாது. அவர் விகிதம் ஒரு வாளிக்கு ஆறு கார். முதல் காரில் எடுத்த மண்ணை இரண்டாவது காருக்கும், இரண்டு காரின் மண்ணையும் மூன்றாவதுக்கும் பாரபட்சமில்லாமல் பகிர்ந்தளிப்பார். கடைசியாக நிற்பது என் கார். "தம்பி, தண்ணியை மாத்தக் கூடாதா?" என்றால், "சார், கடைசி வண்டிக்கு வரும்போதுதான் தண்ணியில சத்தே இறங்குது" என்கிறார். வாளியைப் பார்த்தால் ரசம் மாதிரிதான் இருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

இனி விகிதத்தின் நடுவில் நிற்கிற அந்த இரட்டைப்புள்ளிக்கு வருவோம். எங்கள் அபார்ட்மெண்டில் பார்க்கிங்குக்கு நடந்த சண்டையைவிட 1:10-க்கு நடந்த சண்டை பெரிது. சீட், டேஷ்போர்டு துடைக்கிற ஆல் பர்ப்பஸ் கிளீனரை எல்லோரும் சேர்ந்து ஒரு கேன் வாங்கினோம். உள்பக்கத்துக்கு 1:10 என்று போட்டிருந்தது. ஒரு லிட்டர் ஸ்பிரே பாட்டிலில் எவ்வளவு விடுவது? "பத்தில் ஒன்று, 100 மில்லி" என்றார் மைத்துனர். "கூடாது, கூட்டிப் பார்த்தால் பதினொன்று" என்றார் செகரட்டரி. விடுகிற சரக்கு குறையும் என்றால் அவர் கணக்கு என்றைக்குமே தப்பாது.

நான் வேலை பார்த்தது வங்கியில். ஒரு பைசா இடித்தாலும் ராத்திரி வரை லெட்ஜரைப் புரட்டவைத்த காலத்து வங்கி. பஞ்சாயத்து என்னிடம் வந்தது. ஒரு பங்கு சரக்கு, பத்துப் பங்கு தண்ணீர், மொத்தம் பதினொரு பங்கு. 1,000-ஐ 11-ஆல் வகுத்தால் 91 மில்லி. செகரட்டரி ஜெயித்தார். "9 மில்லிக்கா மாமா இவ்வளவு?" என்றார் மைத்துனர். இங்கே 9 மில்லிதான். டயருக்கு 1:3 போட்டால் நான்காக வகுத்து 250 மில்லி விட வேண்டும். மைத்துனர் கணக்கில் மூன்றில் ஒன்று, 333 மில்லி. சரக்கு கெட்டியாகக் கெட்டியாக வித்தியாசம் ஏறிக்கொண்டே போகும். 1:1 வந்தால் அவர் முறைப்படி ஒன்றில் ஒன்று, அதாவது தண்ணீரே கிடையாது. இதைச் சொன்னதும் மைத்துனர் சற்று யோசித்துவிட்டு, "அது நல்லாத்தானே இருக்கும்" என்றார்.

இதோடு முடிந்தால் தேவலை. ஒரு கம்பெனி 1:10 என்கிறது. இன்னொன்று 10:1 என்று திருப்பிப் போடுகிறது. மூன்றாவது, லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி என்கிறது. மூன்றும் ஒன்றுதான். நான்காவது கம்பெனி 10 சதவீதம் என்கிறது. அது 1:9. வட்டி விகிதத்தை இப்படி எழுதியிருந்தால் என்னை வேலையைவிட்டே அனுப்பியிருப்பார்கள்.

நுரைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்டம் இருக்கிறது. பிரஷர் வாஷரில் மாட்டுகிற ஒரு லிட்டர் பாட்டிலில் நீங்கள் கலந்து வைத்ததை, அடிக்கும்போது மெஷின் மறுபடி தண்ணீரோடு கலக்கும். எத்தனை மடங்கு என்று அறிய, பாட்டிலை நிரப்பி, அது காலியாகும்வரை வாளியில் அடித்துப் பாருங்கள். 10 லிட்டர் சேர்ந்தால் பத்து மடங்கு. பாட்டிலில் 1:10 கலந்திருந்தால் கார்மேல் போய் விழுவது ஏறத்தாழ 1:110. ஆகவே லேபிளில் இருக்கும் விகிதம் பாட்டிலுக்கா, காருக்கா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நான் போகிற வாட்டர் சர்வீஸ்காரரிடம் இதைக் கேட்டேன். "சார், நுரை வருதா இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார். வந்தது. மைத்துனரின் ஆத்ம நண்பர் எங்கேயோ துப்பாக்கியோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

சில சில்லறை விஷயங்கள். ஸ்பிரே பாட்டிலில் முதலில் தண்ணீர், பிறகு சரக்கு. மாற்றிச் செய்தால் பாதி நிரம்புவதற்குள் நுரை கழுத்துவரை பொங்கிவிடும். வாளிக்கு நேர்மாறு: ஷாம்புவை விட்டுவிட்டுத் தண்ணீரை வேகமாகத் திறக்கலாம். கலந்ததை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். கெட்டிச் சரக்கில் இருக்கும் கெடாமல் காக்கிற மருந்தும் தண்ணீரோடு சேர்ந்து நீர்த்துப்போகிறது. சுட்டெரிக்கிற பானெட் மேல் எந்த விகிதமும் செல்லாது, அலசுவதற்குள் காய்ந்துவிடும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் கடைசியில் வெள்ளைப் புள்ளி விழும். அதற்கு மருந்து இன்னொரு குளுக் அல்ல, உடனே துடைத்து உலர்த்துவது.

வாசகர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். கலந்த எதையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை. வேறு பாட்டிலில் ஊற்றி, என்ன சரக்கு, என்ன விகிதம், எந்தத் தேதி என்று மார்க்கரால் எழுதுங்கள். அளப்பதற்கு ஒரு பழைய டானிக் மூடியைக் கேனோடு கட்டிவிடுங்கள். அது திரும்பவும் மருந்து டப்பாவுக்குப் போகக் கூடாது. லேபிளில் 1:500 என்று இருந்தால் 10 லிட்டருக்கு இரண்டு மூடி. நுரை கொஞ்சமாகத்தான் வரும். கார் சுத்தமாகத்தான் இருக்கும்.