பிறர் மேசைக்குப் பணி பெயரும் முறை: இத்தாலிய இலக்கணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இத்தாலிய மொழியை எதற்காகக் கற்க வேண்டும் என்ற வினாவுக்கு இதுவரை கூறப்பட்ட விடைகள் பெரும்பாலும் இசைநாடகம், ஓவியம், சமையல், தாந்தே என்ற நான்கு திசைகளிலேயே சுற்றி வந்துள்ளன. தம் மேசையில் கிடக்கும் கோப்பை, அடுத்தவர் மனம் நோகாமலும் தம் பெயர் எங்கும் பதியாமலும் அடுத்த மேசைக்கு அனுப்பிவைக்கும் பொருட்டு அம்மொழியைக் கற்போரும் உண்டு என்பதை அறிஞருலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. காஸ்திலியோனே என்ற இத்தாலிய ஊரில் பிறந்த பெஸ்கி பாதிரியார் வீரமாமுனிவராகிச் சதுரகராதி தொகுத்த வரலாறு பள்ளிப் பாடமாகவே உள்ளது. எதிர்த்திசையில் நடைபெறும் கல்வியோ, அதன் நோக்கம் சற்றுத் தாழ்ந்தது என்பதாலோ என்னவோ, கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

ஆய்வுக்குள் புகுமுன் ஒரு வரையறை தேவைப்படுகிறது. பணி ஒப்படைப்பு என்பது, ஒருவர் செய்ய வேண்டிய வேலையை, அதற்கான பொறுப்பு தம்மிடமே தங்கியிருக்க, செய்கையை மட்டும் இன்னொருவரிடம் சேர்ப்பித்தல் என்று மேலாண்மை நூல்கள் கூறும். நடைமுறையில் பொறுப்பும் செய்கையும் சேர்ந்தே பெயர்ந்துவிடுவதும், சில வேளை பொறுப்பு மட்டும் பெயர்ந்து செய்கை எங்கும் போகாமல் நின்றுவிடுவதும் உண்டாகையால், இக்கட்டுரையில் அத்தொடர் மூன்று நிலைகளையும் குறிக்கும்.

இக்கல்விக்கு இத்தாலியே உரிய களம் என்பதற்குப் பழஞ்சான்றுகள் உள்ளன. போத்திச்செல்லியின் ஓவியங்களைக் காண இன்று உலகமே வரிசையில் நிற்கும் ஃபுளோரன்ஸ் நகரத்து உஃபீட்ஸி மாளிகை, முதலாம் கோசிமோ தே மெடிச்சி தம் ஆட்சித்துறைகளை ஒரே கூரையின்கீழ்க் கொணரும் நோக்கில் ஜோர்ஜோ வஸாரியைக் கொண்டு 1560இல் கட்டத் தொடங்கிய அலுவலகக் கட்டடமே ஆகும். பெயருக்கும் 'அலுவலகங்கள்' என்பதே பொருள். வாசலில் காத்து நிற்கும் வழக்கம் அந்தப் பழைய பயன்பாட்டிலிருந்து எஞ்சியது எனக் கொள்ள இடமுண்டு. அதற்கும் முன்னர், பிராத்தோ நகரத்து வணிகர் ஃபிரான்செஸ்கோ தாதீனி (ஏறத்தாழ 1335–1410), அவிஞ்ஞோன், பீசா, ஜெனோவா, பார்சலோனா, வலென்சியா, மயோர்க்கா ஆகிய இடங்களில் கூட்டாளிகளை அமர்த்தி, தாம் இருந்த இடத்திலிருந்தே கடிதங்களால் வேலை வாங்கினார். அவர் வீட்டிலேயே 1870இல் கண்டெடுக்கப்பட்ட காப்பகத்தில் ஏறத்தாழ 1,50,000 கடிதங்களும் 500க்கு மேற்பட்ட கணக்கேடுகளும் உள்ளன. ஒருவரிடம் ஒப்படைத்த வேலையை அவர் போக்கிலேயே செய்ய விட்டிருந்தால் இத்தனை கடிதங்கள் தேவைப்பட்டிரா.

தாதீனி தாம் ஃபுளோரன்ஸில் தங்கிய நாட்களில் பிராத்தோ வீட்டின் காரியங்களையும் மனைவி மார்கெரீத்தாவுக்குக் கடிதத்திலேயே ஏவினார். அவ்வேவல்களுக்கு எழுத்தர்களைக் கொண்டு மறுமொழி எழுதுவித்து வந்த அந்த அம்மையார், முப்பது வயதைக் கடந்த பின் தாமே எழுதக் கற்றுக்கொண்டு, தம் கைப்படவே விடையிறுக்கத் தொடங்கினார். அலுவல் காரணமாக இத்தாலிய எழுத்தைக் கற்றோருள் அறியப்பட்ட முன்னோடி இவரே எனலாம். அவருடைய கல்வி வேலையை ஒப்படைப்பதற்குப் பயன்பட்டதைவிட, ஒப்படைக்கப்பட்ட வேலைக்கு ஈடுகொடுக்கவே பயன்பட்டது என்பது பின்னர் வரும் முடிவுகளுக்குத் துணைநிற்கும்.

இனி இலக்கணம். புதிதாகக் கற்பவர், பிறரிடம் வேலை சொல்வதற்கு ஏவல் வினையே போதும் என்று கருதி முதலில் அதையே தேடிச் செல்வது இயல்பு. நெருங்கியவரைத் 'தூ' என்று ஒருமையில் விளித்து ஏவுவது எளிதுதான். ஆனால் அலுவலகத்தில் அறிமுகமற்றவரையும் மூத்தவரையும் 'லேய்' என்று விளிக்க வேண்டும் என்பதும், அச்சொல் 'அவள்' என்ற படர்க்கைப் பெண்பால் ஒருமைச் சொல்லேயாகும் என்பதும், எனவே மீசை வைத்த கணக்கரிடம் பேசும்போதும் வினைமுற்று படர்க்கையிலேயே முடியும் என்பதும் இரண்டாம் பாடத்திலேயே தெரியவரும். முசோலினியின் ஆட்சி இதை ஆண்மைக்குப் பொருந்தாத, அயலார் வழிவந்த வழக்கு எனத் தூற்றி, 1938இல் அலுவலகங்களில் 'லேய்' என்பதற்கு மாற்றாக 'வோய்' என்ற பன்மையைப் புகுத்த முயன்றது. அந்த வேகத்தில், 'அவள்' என்ற பொருளில் 'லேய்' எனப் பெயரிட்டு வெளிவந்த மகளிர் வார இதழொன்றுகூட 'அன்னபெல்லா' என்று பெயர் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஆட்சி வீழ்ந்தது, 'லேய்' அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டது.

லேய் வழியில் ஏவுவதற்குத் தனி ஏவல் வடிவம் கிடையாது. அதற்குக் 'கொன்ஜுந்தீவோ' என்ற வினைவடிவத்திடமே கடன் வாங்க வேண்டும். நடப்பதை நடப்பதாகக் கூறாமல், விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றின் கீழ் நிறுத்திக் கூறும் வடிவமே கொன்ஜுந்தீவோ எனப்படும். இதில் தாய்மொழியாளரே தடுமாறுவர் என்பதற்குப் பவோலோ வில்லாஜ்ஜோ படைத்த உகோ ஃபந்தோட்ஸி என்ற கணக்கர் நிலையான சான்று. 1971இல் நூலாகவும் 1975இல் திரைப்படமாகவும் வெளிவந்து இத்தாலியர் அனைவரும் அறிந்த பாத்திரமாகிவிட்ட இவர், மேலதிகாரிகளின் பளுவையெல்லாம் தாங்குவதோடு, அவ்வடிவத்தைப் பிழையாக உச்சரிப்பதற்காகவும் புகழ்பெற்றவர். அவர் பெயரடியாகப் பிறந்த உரிச்சொல் அகராதியேறியுள்ளது. யார் மீது வேலை குவிகிறதோ அவருக்கே கொன்ஜுந்தீவோ கைவரவில்லை என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

'தாங்கள் இதைச் செய்தால் நன்று என விரும்புவேன்' என்ற பொருளில் 'வொர்ரேய் கே லேய்' எனத் தொடங்கும் வாக்கியமே பணி ஒப்படைப்பின் உயர்ந்த வடிவமாக மதிக்கப்படுகிறது. நாளை நடக்க வேண்டிய செயலை அவ்வாக்கியம் இறந்தகாலக் கொன்ஜுந்தீவோவில் கூறுவதால், கேட்பவருக்கு வேலை ஏற்கெனவே தம்மிடம் வந்து வெகுநாளாயிற்று என்ற மயக்கம் தோன்றுவதும் ஒரு நற்பயனே. மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பகுக்கும் ஐரோப்பிய அளவுகோலில் இவ்வாக்கியம் பெரும்பாலும் பி2 பாடத்தில்தான் வந்து சேரும். இத்தாலியக் குடியுரிமை கோருவோரிடம் 2018 முதல் அரசு பொதுவாக எதிர்பார்க்கும் தேர்ச்சி பி1 மட்டுமே. அந்நாட்டுக் குடிமகனாவதைவிட அந்நாட்டு அலுவலகத்தில் ஒரு கோப்பை நகர்த்துவது ஒரு படி கடினம் என்பது இதனால் பெறப்படும்.

எனினும் தேர்ந்தவர்கள் இவ்வளவு தொலைவு போவதில்லை. அவர்கள் எழுவாயையே நீக்கிவிடுகின்றனர். 'பிசோஞ்ஞா' என்ற சொல் 'வேண்டியிருக்கிறது' எனப் பொருள்படும். யாருக்கு என்று அது சொல்லாது. அச்சு இயந்திரம் பழுதாகும்போது 'பிசோஞ்ஞா கியாமாரே இல் தெக்னிகோ', அதாவது பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டியிருக்கிறது, என்று ஒருவர் அறையை நோக்கிப் பொதுவாக அறிவிப்பார். அறிக்கையொன்று வெள்ளிக்குள் முடிய வேண்டுமானால், 'போ' என்ற பொருளுடைய வினையைத் துணைவினையாக்கி 'வா கொன்ஸெஞ்ஞாத்தா', அதாவது 'ஒப்படைக்கப்பட்டாக வேண்டும்', எனச் செயப்பாட்டில் கூறுவர். கடுமை குறைய வேண்டுமெனில் 'வா' என்பது 'அந்த்ரெப்பே' என நெகிழும். இவற்றைக் கேட்கும் இத்தாலியர் அனைவரும் ஆம் என்று தலையசைத்து, உண்மை ஒன்று உரைக்கப்பட்டதாக ஏற்றுக்கொண்டு, தத்தம் திரைக்குத் திரும்புவர். அவ்வறையில் பி1 நிலையிலுள்ள அயலவர் ஒருவர் இருப்பாராயின், முழு வாக்கியமும் தமக்குப் புரிந்துவிட்ட மகிழ்ச்சியில் அவர் மட்டும் எழுந்து தொலைபேசியை எடுப்பார். வேலை அக்கணமே ஒப்படைக்கப்பட்டதாகிறது. ஒப்படைத்தவர் எவருமில்லை, எழுவாயற்ற வாக்கியத்துக்கு அதைப் புரிந்துகொண்ட முதல் ஆளே எழுவாயாகிறார் என்பதே இவ்வாய்வின் நடுநாயகமான கண்டுபிடிப்பு.

அடுத்து ஆராயத்தக்கது பிறவினை. தமிழில் 'எழுது' என்பது தன்வினை. பிறரைக் கொண்டு அச்செயலை நிகழ்த்தினால் 'எழுதுவி' என்பது பிறவினை. இத்தாலிய மொழி இதற்கு 'ஃபாரே' என்ற வினையை முன்னே சேர்க்கும். 'ஃபாச்சோ ஸ்க்ரீவெரே லா லெத்தெரா' என்றால் 'கடிதத்தை எழுதுவிக்கிறேன்'. எழுதப்போகும் ஆளின் பெயர் இல்லாமலே வாக்கியம் நிறைவடைவது இதன் முதற்சிறப்பு. இதனோடு 'அ மார்க்கோ' என்று சேர்த்தாலோ, மார்க்கோவைக் கொண்டு எழுதுவிப்பதாகவும் கொள்ளலாம், மார்க்கோவுக்கு வேறு யாரையோ கொண்டு எழுதுவிப்பதாகவும் கொள்ளலாம். 'அ' என்பதை விடுத்துத் 'தா' என்ற முன்னிடைச்சொல்லை இட்டால் ஐயம் நீங்கும் என இலக்கண நூல்கள் வழிகாட்டினும், ஐயம் நீங்குவதில் எல்லாருக்கும் ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை. கடிதம் எழுதப்படாமல் வாரம் கடந்த பின், தாம் அதைப் பெற வேண்டியவர் என்றே இத்தனை நாள் காத்திருந்ததாக மார்க்கோ கூறினால், இலக்கணம் அவர் பக்கமே நிற்கும். தமிழிலோ 'கொண்டு' என்ற சொல்லுருபும் 'கு' என்ற நான்காம் வேற்றுமை உருபும் செய்பவரையும் பெறுபவரையும் தனித்தனியே நிறுத்திவிடுவதால், தமிழருக்கு இச்சலுகை கிட்டாமற் போயிற்று.

காலத்தைக் குறிக்கும் இடத்திலும் கவனம் வேண்டும்: 'என்த்ரோ துவே ஜோர்னி' என்றால் இரண்டு நாளுக்குள், 'த்ரா துவே ஜோர்னி' என்றால் இரண்டு நாள் கழித்து. விளியில் பட்டம் தவறக் கூடாது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எவரும் 'தொத்தோரே' ஆவார். ஃபியட் நிறுவனத்தின் ஜான்னி ஆன்யெல்லி, நீதிமன்றத் தொழில் புரியாமலேயே 'வழக்குரைஞர்' என்று நாடெங்கும் அழைக்கப்பட்டார்.

எழுத்துவழி ஒப்படைப்பில் இத்தாலி தனி நாகரிகமே வளர்த்துள்ளது. 'தேலெகா' என்பது ஒருவர் தமக்குரிய பொருளையோ ஆவணத்தையோ பெற்றுவர இன்னொருவரை அனுப்பும்போது கையொப்பமிட்டுத் தரும் தாள். அனுப்புபவரின் அடையாள அட்டை நகலையும் அதனோடு இணைப்பது வழக்கம். அனுப்பப்படுபவர் காலை நேரத்தை இழப்பார் என்பதை அத்தாளில் எழுத இடமில்லை. 2005இல் சட்டவழி நடைமுறைப்படுத்தப்பட்ட சான்றளிக்கப்பட்ட மின்னஞ்சல் இன்னும் நுட்பமானது. பதிவுத் தபாலுக்கு ஈடான மதிப்புடைய அதில் அனுப்பியவருக்கு இரண்டு ரசீதுகள் வந்து சேரும்: அஞ்சல் ஏற்கப்பட்டது என ஒன்று, பெறுநரின் பெட்டியில் சேர்க்கப்பட்டது என மற்றொன்று. பெறுநர் படித்தாரா என்பது எந்த ரசீதிலும் இராது. படிக்கப்படாத வேலையும் ஒப்படைக்கப்பட்ட வேலையே எனச் சட்டமே ஒப்புக்கொண்டிருப்பதால், அறிஞர்கள் இதில் சேர்க்க வேண்டியது எதுவுமில்லை.

ஒப்படைத்த வேலையை எவரேனும் ஏற்கும் தருணமும் உண்டு. இத்தாலிய வாக்கியத்தில், தமிழில் போலவே, தன்மைப் பெயர் வழக்கமாகத் தொக்கி நிற்கும். வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். 'ச்சி பென்ஸோ ஈயோ', அதாவது 'நானே பார்த்துக்கொள்கிறேன்', என்ற தொடரில் மட்டும் 'ஈயோ' என்ற 'நான்' வெளிப்பட்டு, அதுவும் வினைக்குப் பின்னே அழுத்தத்துடன் வந்து நிற்கிறது. இத்தொடர் உச்சரிக்கப்பட்டதும் அறையிலுள்ள பிறர் அனைவரின் முகமும் தெளிவடையும். உச்சரிக்கப்படாதபோது தொடங்குவது 'ஸ்காரிகாபரீலே'. இருவர் முதுகோடு முதுகு ஒட்டிக் கைகளைக் கோத்துக்கொண்டு ஒருவரையொருவர் மாறிமாறித் தூக்கும் சிறுவர் விளையாட்டின் பெயரான இது, பொறுப்பை ஒருவர் மாற்றி ஒருவர் முதுகில் ஏற்றிவிடும் அலுவலக வழக்கத்தையும் குறிக்கிறது. இரண்டிலும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒப்படைப்பை மறுக்கும் முறையைப் பாடநூல்கள் கடைசி அலகுக்குத் தள்ளிவைத்திருப்பது பெருங்குறையாகும். 'நோ' என்று அலுவலகத்தில் எவரும் சொல்வதில்லை. 'பார்ப்போம்' எனப் பொருள்படும் 'வெதியாமோ' என்பதும், 'தெரிவிக்கிறேன்' என்பதும் ஆண்டின் பத்துத் திங்களுக்குப் போதுமானவை. ஆகஸ்டு 15ஆம் நாள் வரும் ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையையொட்டி நாட்டின் பெரும்பகுதி கடற்கரைக்குப் போய்விடுவதால், ஜூலை நடுப்பகுதி முதல் எத்தகைய வேலையைக் குறித்தும், எத்தகைய கொன்ஜுந்தீவோவில் கேட்டாலும், 'செப்டம்பரில்' எனப் பொருள்படும் 'அ ஸெத்தெம்ப்ரே' என்ற இரண்டு சொற்களே விடையாக அமையும். கேட்டவரும் அதை மனக்குறையின்றி ஏற்றுக்கொள்வார். மாதங்களின் பெயர்கள் ஏ1 நிலையின் தொடக்கப் பாடங்களிலேயே வந்துவிடுகின்றன.