பரிசலில் ஒற்றைக்கண்

கேள்வி: காவிரியில் பரிசல் போய், இரவு கூடாரத்தில் தங்கப் போகிறோம். பைனாகுலர் கனக்கிறது. கைக்கு அடக்கமான மோனோகுலர் போதுமா?
- ஒரு வாசகர், ஆனேக்கல்

பதில்: தாராளமாகப் போதும். ஒகேனக்கலோ, பீமேஸ்வரி ஜங்கிள் லாட்ஜஸ் முகாமோ, எங்கே போனாலும் பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. பரிசல்காரர் துடுப்பை ஒரு சுழற்று சுழற்றினால், மீன்கொத்தி இருந்த இடத்தில் உங்கள் மச்சான் முகம் எட்டு மடங்கில் தெரியும். எட்டே போதும் சார். பத்து, பன்னிரண்டு என்று ஆசைப்பட்டால் பறவையோடு கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

8×25 வாங்குங்கள். முன்கண்ணாடியின் அகலமான 25 மி.மீ.-ஐ எட்டால் வகுத்தால் சுமார் 3 மி.மீ.; கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. பகலுக்குச் சரி. பொழுது சாய்ந்தால் கண்ணின் பாப்பா விரியும், கண்ணாடி விரியாது. நீர்நாயா பாறையா என்று பட்டிமன்றம் வைக்கலாம்.

கூடாரத்தில் சும்மா இருக்கும்போது மோனோகுலரைத் திருப்பிப் பிடித்து, எறும்பை நெருங்கிப் பாருங்கள். பூதக்கண்ணாடி தயார்!

கழுத்துக் கயிறு முக்கியம். கயிறு கட்டச் சோம்பல்பட்ட என்னுடையதை இப்போது மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

குளிக்க இறங்குமுன் எதிர்க்கரை மரக்கட்டைக்குக் கண் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே முதலைகள் உண்டு. பரிசல்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கண்ணாடி இல்லாமலே சொல்லிவிடுவார்.