பேலன்ஸ் அண்ணா

தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டால் போதும். பக்கத்திலிருந்து குரல் வரும்: "உங்களுக்குக் கார்டிசோல் ஏறிடுச்சு சார்."

திரும்பிப் பார்த்தால் பேலன்ஸ் அண்ணா. இந்த ரகம் ஊருக்கு ஊர் உண்டு என்றாலும் எங்கள் எல்லையோரச் சரக்கு கொஞ்சம் தனி. ஓசூரில் ஒரு வண்டிக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு வி.ஆர்.எஸ். வாங்கியவர். வாத பித்த கபத்தைத் தமிழில் சொல்வார், ஈஸ்ட்ரோஜனை இங்கிலீஷில் சொல்வார், தாம் விற்கிற பொடி டப்பாவின் விலையைக் கன்னடத்தில் சொல்வார். சரக்கு பெங்களூரிலிருந்து வருகிறதல்லவா? கீரைக்கார அம்மாவிடம் மட்டும் தெலுங்கு. அங்கே உபதேசம் செல்லாது, பேரம்தான்.

"தைராய்டுங்கிறது கார்புரேட்டர் ஸ்க்ரூ மாதிரி தம்பி. கொஞ்சம் கூடினா ரேஸ் ஏறும், கொஞ்சம் குறைஞ்சா வண்டி ஆஃப்." இதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. அந்த ஸ்க்ரூவைத் திருக அவர் எடுக்கும் சாமான்களில்தான் சிக்கல். விடிந்ததும் செம்புப் பாத்திரத் தண்ணீர், நல்லெண்ணெய் வாய் கொப்பளிப்பு, ஊறவைத்த வெந்தயம், கறிவேப்பிலைச் சாறு, பச்சைப் பூண்டு, அமுக்கரா மாத்திரை. நாட்டுமருந்துக் கடையில் கொஞ்ச விலைக்குக் கிடைக்கும் அமுக்கராக் கிழங்கையே பளபளக்கும் டப்பாவில் இங்கிலீஷ் பெயரோடு வந்தால்தான் வாங்குவார். இத்தனையும் முடித்து டீக்கடைக்கு வந்து "சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்பார். கூடவே இரண்டு போண்டா. போண்டா ஹார்மோனைத் தொடாதாம்.

இவருடைய அப்பாவும் அம்மாவும் காலையும் ராத்திரியும் ராகிக் களி தின்று வளர்ந்தவர்கள். பனிக்காலத்தில் அவரைக் கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்து, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்தால் களி உருண்டை கணக்கில்லாமல் இறங்கும். கம்பெனி வேலை கிடைத்த அன்றைக்கு அண்ணா களியை நிறுத்தினார். ஆபீசர்கள் சோறு தின்கிறபோது இவர் மட்டும் களி தின்பதா? இப்போது அதே மனிதர் "ஹார்மோன் பேலன்ஸ் மில்லட் மிக்ஸ்" பாக்கெட் வாங்குகிறார். பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். முதல் சரக்கே ராகி. தமிழ்நாட்டில் கேழ்வரகு விளைச்சலில் முன்வரிசையில் நிற்பது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம். இங்கே விளைந்த தானியம் எல்லை தாண்டிப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, பல மடங்கு விலையோடு திரும்பி வருகிறது. பாலில் 100 கிராமுக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் என்றால் ராகியில் 300க்கும் மேல். பாக்கெட்டில் இருந்தாலும் மூட்டையில் இருந்தாலும் அது மாறாது.

போன அறுவடைச் சமயத்தில் அஞ்செட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கண் சிவந்து போய் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் வரும் பருவம் அது. ராகிக்காட்டைக் காக்க அவர் ராத்திரியெல்லாம் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டியிருக்கிறார். அண்ணா விடுவாரா? "எனர்ஜி சுத்தமா இறங்கிடுச்சு உங்களுக்கு" என்று பெஞ்சில் உட்காரவைத்து, அரைமணி நேரம் பேசி, மில்லட் மிக்ஸ் பாக்கெட் ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டார். ராகிக்காகக் கண்விழித்தவர் ராகியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஷிஃப்ட் பையன்கள் இவருடைய நிரந்தர வாடிக்கை. ஒரு வாரம் ஏ, அடுத்த வாரம் பி, அதற்கடுத்த வாரம் சி என்று சுற்றுகிறவனுக்குச் சாப்பாடு இறங்காது, எரிச்சல் வரும், முகத்தில் பரு வரும். பழ ஈயை வைத்து உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் காட்டிய மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். இருட்டினால் மெலடோனின் சுரக்க வேண்டும், விடியும் நேரத்தில் கார்டிசோல் ஏற வேண்டும்; ராத்திரி ஓடும் சி ஷிஃப்டில் இரண்டும் தடுமாறும். டைட்டன் கடிகாரம் செய்கிற ஓசூருக்குப் பஸ் ஏறிப் போகிற பையன்களுக்கு உள்ளே இருக்கிற கடிகாரம்தான் நேரம் தப்பி ஓடுகிறது. ஒருவன் கேட்டான்:

"அண்ணா, நல்லாத் தூங்கினா சரியாயிடுமா?"

"தூக்கத்துக்கும் ஒரு பொடி இருக்கு தம்பி."

பகலில் ஜன்னலை இருட்டாக்கி, போனை அணைத்துவிட்டு ஏழு மணி நேரம் படு என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

அண்ணிக்குத் தைராய்டு. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 11 என்று வந்தது. டாக்டர் தைராக்ஸின் மாத்திரை எழுதினார். அண்ணா கொதித்துப் போனார். "வாழ்க்கை பூரா மாத்திரையா? வேரைப் பார்க்கணும்" என்று மல்லி ஊறவைத்த தண்ணீரை ஆரம்பித்தார். சமையலுக்கு அயோடின் சேர்க்காத இந்துப்பு வந்தது. கழலை நோயை ஒழிக்க 1962இல் இந்திய அரசு தனித் திட்டம் போட்டு உப்பில் அயோடின் சேர்க்க ஆரம்பித்தது. அண்ணா தம் சமையலறையளவில் அதை ரத்து செய்தார். அண்ணி எதற்கும் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க" என்று தலையாட்டினார்.

மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச். 2.8. அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்திருக்கிறார் அண்ணா. டீக்கடையில், சலூனில், பேட்டராய சுவாமி கோயில் வாசலில் என்று பார்க்காதவர் பாக்கியில்லை. "மல்லித் தண்ணி சார், வெறும் மல்லித் தண்ணி!"

அண்ணி என் மனைவியிடம் சொல்லிச் சிரித்த கதை வேறு. விடியற்காலையில் வாய் நிறைய நல்லெண்ணெயோடு அண்ணா முற்றத்தில் உலாத்துகிற பதினைந்து நிமிஷம் அவரால் பேச முடியாது, உள்ளே வரவும் மாட்டார். அப்போது ராகிமாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து மாத்திரை வெளியே வரும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். டாக்டர் சொன்னபடி ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. மல்லித் தண்ணீர் செம்பருத்திச் செடிக்கு. அது நன்றாகப் பூக்கிறது. இந்துப்பு ஜாடியில் இருப்பதும் ரேஷன் கடை அயோடின் உப்புதான்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்தால் அவர் எப்படியும் உங்களைப் பிடித்துவிடுவார். கொடுக்கிற மல்லித் தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள், தாகம் அடங்கும். டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும், அண்ணியைப் போல் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.