மூக்களவும் உரிமையளவும்

சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் துரையவர்கள், தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு பாகங்களாக வெளியிட்ட பெருநூலில் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கும் இடமுண்டு. மனிதரின் தலையையும் மூக்கையும் அளவெடுப்பதில் அன்னார் காட்டிய சிரத்தை பிரசித்தம். 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை 30 ஷரத்துக்களில் மனித உரிமைப் பிரகடனம் செய்தபின் மூக்கை அளப்பது அநாகரிகமாகிவிட்டபடியால், இக்காலத்து வித்வான்கள், இரண்டு சர்வகலாசாலைகள் கைகோத்த கூட்டாராய்ச்சி என்ற திருநாமத்தோடு, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு எழுந்தருளி, ஏரிக்கரை விடுதியில் காப்பி அருந்தியவண்ணம் உரிமையை அளக்கிறார்கள். இந்தக் கூட்டில் கேள்வி ஒரு கட்சிக்குச் சொந்தம், நிதி மற்றொரு கட்சிக்கு, பதில் மட்டும் மலைவாசிகளுடையது. வியாசத்தின் தலைப்பில் முதலிரண்டு கட்சியாரின் பெயர்களே பிரகாசிக்கும். (தர்ஸ்டன் துரைகூடத் தமக்கு உதவிய கே. ரங்காச்சாரியாரின் பெயரை முகப்பில் அச்சிட்டார்!) 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டமோ, காட்டில் யாருக்கு என்ன பாத்தியதை என்று நிர்ணயிக்கும் காரியத்தைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்திருக்கிறது. அடுத்து வரும் பெரியோர்கள் அச்சபையின் பாயில் ஓர் ஓரமாய் அமர்ந்து, தங்கள் வியாசத்தை அச்சேற்றுமுன் அங்கே தமிழில் வாசிக்கக் கடவர்.